இது யாருக்கா?

போன வருசம் கோடை விடுமுறையில் எங்கள் காலனியிலும் அக்கம்பக்கத்து மூன்று காலனிகளிலும் பெண்பிள்ளைகளைக் கூட்டி உடம்பைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வரும்போது "இத வீட்ல போயி நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். நான் படித்தபோதும் இதே கதைதான். வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்லித்தர? அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டு வந்து சோறாக்கி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். அதனால் தெரிந்தவர்கள் மூலமாக ஒரு மாடலை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

சமுதாயக் கூடத்து மேசையில் அதை எடுத்து வைத்தேன். பிளாஸ்டிக்கில் செய்த பெண் இடுப்பு. தொப்புளுக்குக் கீழே ஆரம்பித்துத் தொடை தொடங்குகிற இடத்தில் முடிந்துபோகிறது. நடுவில் இரண்டாகப் பிளந்தது. தோலுக்கு வெள்ளைக்காரிச்சியின் ரோஸ் நிறம். உள்ளே சிறுநீர்ப்பை, மலக்குடல், சினைப்பை, கருக்குழாய், கர்ப்பப்பை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கர்ப்பப்பை மட்டும் தனியாகக் கழன்று வரும். டக்கென்று எடுக்கலாம், டக்கென்று மாட்டலாம். நானும் அதை எடுத்துக் காட்டிக்கொண்டு, எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று கேட்டது: "இது யாருக்கா?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். "யாரும் இல்லடா, இது பொம்ம" என்றேன். அது விடவில்லை. "இல்லக்கா, யாரையாச்சும் பாத்துதான செஞ்சிருப்பாங்க? நம்மள மாதிரி இல்லியே."

அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு. யாரும் இல்லை என்பது பொய். 'யாரு அக்கா' என்று அந்தப் பிள்ளை கேட்டது எனக்குள் 'யாருக்காக' என்றும் கேட்டுக்கொண்டேயிருந்தது. நாம் ஒரு கதையை எடுத்துக்கொண்டு இது யார் குரலில் பேசுகிறது, யார் வாயை மூடிவிட்டுப் பேசுகிறது என்று கேட்கிறோம். தலித் விமர்சனம் என்று ஒன்று தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. அதையே ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்துக் கேட்டால் என்ன? பொம்மையும் ஒருத்தன் செய்ததுதானே, அதையும் வாசிக்கலாம்தானே.

வாசித்துக்கொண்டே பின்னால் போனால் இத்தாலியின் ப்ளாரன்ஸ் நகரம் வருகிறது. லா ஸ்பெகோலா என்ற அருங்காட்சியகம் அங்கே 1775ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் மெழுகுச் சிற்பக்கூடத்தில் க்ளெமென்தே சுசீனி என்பவரும் கூட இருந்தவர்களும் 1780களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணைச் செய்தார்கள். ஆள் அளவுக்கு முழுப் பெண். பட்டு மெத்தையில் மல்லாந்து கிடக்கிறாள். தலையில் நிஜ மயிர், கழுத்தில் முத்துமாலை. மார்பும் வயிறும் மூடிபோலத் திறக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு அடுக்காக எடுத்துக்கொண்டே போகலாம். நுரையீரல், இருதயம், குடல் எல்லாம் எடுத்த பிறகு கடைசியில் கர்ப்பப்பை, அதற்குள் ஒரு சின்னக் கரு. காதல் தெய்வத்தின் பெயரைச் சேர்த்து 'உடற்கூற்று வீனஸ்' என்று இவளை அழைக்கிறார்கள்.

படத்தில் பார்க்கும்போது இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியது. வயிற்றைத் திறந்து குடலை எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கண் பாதி சொருகி, வாய் லேசாகத் திறந்து, சுகத்தில் கிடப்பதுபோல் கிடக்கிறாள். அடுத்தது, உள்ளே கரு இருக்கிறது, வயிறோ கொஞ்சமும் மேடு தட்டவில்லை. கருவையும் காட்ட வேண்டும், பார்க்கிற ஆணின் கண்ணுக்கு இடுப்பும் ஒல்லியாக இருக்க வேண்டும். இதற்குப் பெயர் அறிவியலா, அலங்காரமா? தசையைக் காட்டவும் எலும்பைக் காட்டவும் அந்தக் காலத்து மெழுகுக்காரர்கள் பெரும்பாலும் ஆணுடலைத்தான் செய்தார்கள். அவன் மனிதன். கர்ப்பப்பையைக் காட்டுவதற்கு மட்டும் இவள் வேண்டியிருந்தாள்.

மெழுகை யாரைப் பார்த்து வார்த்தார்கள்? ப்ளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிணங்களைப் பார்த்து. பதப்படுத்த வழியில்லாத காலம். பிணம் அழுகிவிடும். ஒரு உடம்பைப் பார்த்து ஒரு சிலை செய்தார்கள் என்று நினைக்கக்கூடாது, ஒரு சிலை முடிவதற்குள் எத்தனையோ உடம்புகள் வந்து போயின. தர்ம ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த முத்துமாலை அவர்களில் ஒருத்தி கழுத்திலும் கிடந்திருக்காது.

முத்துமாலை போடாத ஆளும் உண்டு. லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1774ல் கர்ப்பம் தரித்த கர்ப்பப்பையைப் பற்றிப் பெரிய படப்புத்தகம் ஒன்று வெளியிட்டார். மொத்தம் 34 படத்தகடுகள். யான் வான் ரிம்ஸ்டைக் என்ற ஓவியர் பெரும்பாலானவற்றை வரைந்தார். அதே பிணங்களின் மேல் சாந்து வார்த்து எடுத்த மாதிரிகள் கிளாஸ்கோவில் ஹன்டர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. நிறைமாதத்தில் செத்துப்போன பெண்கள் அவர்கள். தலை இல்லை, கை இல்லை. தொடைகளைக் கசாப்புக் கடையில் வெட்டுவதுபோல் வெட்டி, அந்த வெட்டுமுகத்தையும் எலும்போடு சேர்த்து அப்படியே வரைந்திருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம் என்பது அவர்கள் கொள்கை. ஹன்டர் சார்லட் ராணிக்கும் மருத்துவர், ராணியின் பிரசவங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். ராணியின் கர்ப்பப்பை புத்தகத்தில் இல்லை. உள்ளது என்பதில் எது உள்ளே, எது வெளியே என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் அல்லவா?

இவ்வளவு சொல்லிவிட்டுப் பொம்மையே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இடையில் ஒரு பெண் குறுக்கே வந்தாள்.

அவள் பெயர் து கூத்ரே. பிரான்ஸ் நாட்டு மருத்துவச்சி. 1759ல் பதினைந்தாம் லூயி மன்னன் அவளுக்கு ஒரு ஆணை கொடுத்தான்: நாடெல்லாம் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்க்கச் சொல்லிக்கொடு. அவள் இருபது வருசத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனாள். ஆயிரக்கணக்கான பெண்கள் அவளிடம் கற்றார்கள். அதில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் அவளே ஒரு 'எந்திரம்' செய்தாள். எந்திரம் என்றால் துணி, தோல், பஞ்சு. ஆள் அளவுக்கு ஒரு பெண்ணின் இடுப்பும் வயிறும் தொடையும். இழுத்தால் விரிகிற வாய், சுருக்குகிற நாடா, தொப்புள்கொடியோடு ஒரு துணிக்குழந்தை. அந்தக் குழந்தையை எப்படி வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். தலை கீழே, கால் கீழே, குறுக்காக. கற்றுக்கொள்ள வந்தவள் கையை விட்டுத் தடவி, எது தலை எது புட்டம் என்று கண்டுபிடித்துத் திருப்பி எடுக்க வேண்டும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இத்தாலியின் பொலோன்யாவில் கல்லி என்ற ஆசிரியர் இன்னும் ஒரு படி போனார். கர்ப்பப்பைப் பொம்மையை வைத்து, கற்றுக்கொள்கிறவர்களின் கண்ணைக் கட்டிவிட்டுப் பிள்ளையை எடுக்கச் சொன்னார். பிரசவ அறையில் கண்ணுக்கு வேலை இல்லை, கைக்குத்தான் வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். வீனஸ் கண்ணுக்கான பொம்மை. சுற்றி நின்று பார்த்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம். து கூத்ரேயின் துணி இடுப்பு கைக்கான பொம்மை. அதைப் பார்க்க ஒரு அழகும் இல்லை. அவளையும் ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. மன்னனுக்குத் தாய்மேல் கரிசனம் இல்லை, பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தால் பட்டாளத்துக்கும் வயலுக்கும் ஆள் குறையும் என்ற கணக்குதான். கிராமத்தில் ஏற்கனவே பேறுகாலம் பார்த்துக்கொண்டிருந்த கிழவிகளை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கித்தான் அவள் பயிற்சியும் நடந்தது. அவள் செய்ததில் ஒன்றே ஒன்று மிஞ்சி, ரூவான் நகரத்து மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது துணிக்கும் பஞ்சுக்கும் உள்ளே நிஜமான ஒரு இளம்பெண்ணின் இடுப்பெலும்பு இருந்தது. துணிப் பொம்மைக்குள்ளேயும் ஒருத்தி. "இது யாருக்கா?"

ஊர்க் கிழவிகள் என்று எழுதும்போது எங்கள் ஆயா ஞாபகம் வராமல் போகாது. ஊர்த்தெருவுக்குப் பேறுகாலம் பார்க்க நாவிதர் வீட்டு மருத்துவச்சி இருந்தார். அவர் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் எங்கள் சேரியில் எங்கள் ஆயாதான் எல்லாருக்கும் பார்த்தாள், என்னையும் அவள்தான் எடுத்தாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கையை வைப்பாள். "தல கீழ எறங்கிடுச்சு, பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்" என்பாள். சில சமயம் "இது என் கைக்கு அடங்காது, வண்டி கட்டுங்க" என்பாள். அவள் கையில் செத்த பெண்களும் உண்டு. நஞ்சுக்கொடி விழாமல் ரத்தம் போய், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மாட்டுவண்டியில் உயிர்விட்ட என் சித்தியை நான் மறக்கவில்லை. அந்தக் காலமே பொற்காலம் என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அது நல்லதுதான்.

1996 அல்லது 97 இருக்கும். கிராமத்து மருத்துவச்சிகளுக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி என்று ஆயாவைக் கூப்பிட்டார்கள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஊர்த்தெரு மருத்துவச்சிக்கு பெஞ்சு, ஆயாவுக்குத் தரை. யாரும் தரையில் உட்காரச் சொல்லவில்லை, ஆயாவாகவே உட்கார்ந்துகொண்டாள். அதுதான் நம் ஊர். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் இடுப்பு இருந்தது. இப்போது நான் இரவல் வாங்கிப் போனேனே, அதன் அக்கா. நர்சம்மா பிரம்பால் தொட்டுத் தொட்டு இது இன்னது என்று சொன்னார். ஆயா எழுந்து போய் அதன்மேல் கை வைத்தாள். "ஏ கெழவி, தொடாத, அழுக்காயிடும்" என்று சத்தம் போட்டார் நர்சம்மா. அப்புறம் கேட்டார்: "இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது தாயி. உள்ள எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததில்ல. கைக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எட்டு வயசு. கடைசி நாள் ஆயாவுக்கு ஒரு பை கொடுத்தார்கள். சோப்பு, பிளேடு, நூல். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னதை மட்டும் ஆயா சாகிறவரைக்கும் விடாமல் கடைப்பிடித்தாள். "அதுல நெசம் இருக்கு" என்பாள்.

கை கழுவுகிற அந்த நெசத்துக்கு வியன்னாவில் ஒரு கதை இருக்கிறது. செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவச் சொன்னார், யாரும் கேட்கவில்லை என்று பாடப்புத்தகத்தில் போடுகிற கதைதான். பொம்மையை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் அது வேறு கதையாகிவிடுகிறது.

இரண்டாம் ஜோசப் மன்னன் 1784ல் வியன்னாவில் பெரிய பொது மருத்துவமனையைத் திறந்தான். 1785ல் ராணுவ வைத்தியர்களுக்காக ஜோசபினம் என்ற கல்லூரியையும் தொடங்கினான். அதற்காக ப்ளாரன்ஸ் சிற்பிகளிடம் ஆயிரத்துக்கும் அதிகமான மெழுகு மாதிரிகளைச் செய்யச் சொல்லி, கோவேறு கழுதைகள்மேல் ஏற்றி ஆல்ப்ஸ் மலை தாண்டிக் கொண்டுவந்தான். முத்துமாலை போட்ட மெழுகுப் பெண் அங்கேயும் ஒருத்தி இருக்கிறாள். பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் ஏழைப் பெண்களும் கல்யாணமாகாமல் கர்ப்பமான வேலைக்காரிகளும் இலவசமாகப் பிள்ளை பெறலாம். இலவசத்துக்கு விலை உண்டு, மாணவர்களுக்கு அவர்கள்தான் பாடம்.

அந்தப் பிரிவின் பேராசிரியராக இருந்தவர் போயர். அவர் பொம்மையை வைத்தே கற்பித்தார். செத்த பெண்களின் உடலை வைத்துப் பேறுகாலப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்று மேலிடம் சொன்னபோது மறுத்தார். 1822ல் அவர் பதவி போயிற்று. அடுத்து வந்த க்ளைன் மேலிடம் சொன்னபடி பொம்மையை ஒதுக்கிவிட்டுப் பிணத்தைக் கொண்டுவந்தார். மாணவர்கள் காலையில் பிணத்தில் பழகிவிட்டு அதே கையோடு வார்டுக்குப் போய், வலியில் கிடக்கிற பெண்களைச் சோதித்தார்கள். 1822ல் அங்கே பிரசவத்துக்கு வந்தவர்களில் காய்ச்சலில் செத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1823ல் நூற்றுக்கு 7 பேருக்கு மேல்.

பின்னால் பிரிவை இரண்டாக்கினார்கள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சி வேலை கற்றுக்கொள்ளும் பெண்கள். பெண்களுக்குப் பிண அறுவை கிடையாது. 1846ல் மாணவர்கள் பிரிவில் நூற்றுக்கு 11 பேர் செத்தார்கள், மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. இது புள்ளிவிவரமாக எழுதப்படுவதற்கு முன்பே வியன்னாவின் ஏழைப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் பிரிவில் போடாதீர்கள் என்று காலில் விழுந்து கும்பிட்டார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு பிள்ளையோடு வந்தவர்களும் உண்டு. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 1847ல் செம்மல்வைஸ் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்தார், சாவு இறங்கியது. சரிதான். ஆனால் அதற்கு 25 வருசம் முன்னால் பொம்மை இருந்த இடத்தில் பிணத்தை வைத்தார்களே, அதை ஏன் நமக்குச் சொல்லித் தருவதில்லை? கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம் என்றிருந்த தோல்பொம்மையை விட ஏழையின் பிணம் மலிவாகக் கிடைத்தது.

என் மகள் பிறந்தது 2015ல், ஓர் அரசு ஆஸ்பத்திரியில். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. வலி எடுத்து மேசையில் கிடந்தேன். ஒரு பெரிய டாக்டரும் அவர் பின்னால் மாணவ மாணவிகளும் வந்தார்கள். ஒருவர் கை விட்டுப் பார்த்தார். அடுத்து 'நெக்ஸ்ட்' என்றார். இன்னொருவர். மறுபடி 'நெக்ஸ்ட்'. ஏழு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. யாரும் என் பெயரைக் கேட்கவில்லை, வைக்கலாமா என்றும் கேட்கவில்லை. நடுங்கிக்கொண்டே கை வைத்த ஒரு பெண் மட்டும் "சாரிக்கா" என்று முணுமுணுத்தது. அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு என் மகளுக்கு யார் பார்ப்பது? என் கேள்வி வேறு. பணம் கட்டிப் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் இந்த வரிசை நிற்குமா? நான் எம்.ஏ. படித்தவள், மேடையில் பேசுகிறவள். அந்த மேசையில் எனக்கும் தொப்புளுக்குக் கீழே ஆரம்பித்துத் தொடையில் முடிந்துபோன உடம்புதான் இருந்தது.

உயிரோடிருக்கும்போதே மாடலாக்கப்பட்டவர்களில் அமெரிக்கக் கறுப்பு அடிமைப் பெண்களைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். அலபாமாவில் 1840களில் மரியான் சிம்ஸ் என்பவர் அனார்கா, பெட்சி, லூசி என்ற பெண்கள்மேல் மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார், பெண்நோய் மருத்துவத்தின் தந்தை என்று பெயரெடுத்தார். நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை 2018ல்தான் எடுத்தார்கள். அந்த மூன்று பேருக்குப் பெயராவது மிஞ்சியது. அவர் கைக்குக் கீழே கிடந்த மற்றப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

நம் நாட்டுக் கதை 1836ல் கல்கத்தாவில் தொடங்குகிறது. மதுசூதன் குப்தா என்ற வைத்தியர் மருத்துவக் கல்லூரியில் மனிதப் பிணத்தை அறுத்தார். அதற்கு முன்னால் மாதிரிகளையும் விலங்குகளையும் வைத்துத்தான் பாடம். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற சாதித்தடை அன்றோடு உடைந்தது என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். யாருடைய தடை? காலங்காலமாகப் பிணத்தைத் தூக்கி, குளிப்பாட்டி, எரித்து, புதைத்தவர்களின் கை அன்றைக்கும் அந்த அறையில் இருந்திருக்கும். அவர்கள் தொட்டது தீட்டு, குப்தா தொட்டது வரலாறு. 2021ல் கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று பிணவறை உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தது. பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். அப்போதும் செய்தித்தாள்கள் அந்த வேலையை 'டோம்' என்று சாதிப் பெயரால்தான் எழுதின. நம் ஊர்ப் பிணவறைகளில் கத்தி யார் கையில் இருக்கிறது, கையெழுத்து யார் கையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பேச்சு பிணத்தின் பக்கம் போய்விட்டது, பிள்ளைகளிடம் திரும்புகிறேன். அன்றைக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. எல்லா எண்ணையும் சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் பெரிய பிள்ளை, பன்னிரண்டாவது, தயங்கித் தயங்கி, "அக்கா, இதுல ஒண்ணு உட்டுப்போயிருக்கே" என்றாள். அவள் சொன்னது சரி. மூத்திரம் போவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் உள்ளதெல்லாம் எண்ணோடு இருந்தது, சுகத்துக்கு மட்டுமே என்று பெண்ணுக்கிருக்கும் உறுப்பு இல்லை. கிளிட்டோரிஸ் என்று சொல்லிவிட்டு அதற்குத் தமிழ் தேடி நான் தடுமாறினேன். 1998ல் ஹெலன் ஓகானல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் பிணங்களை அறுத்துப் பார்த்து, அது மொட்டு அளவுக்கு வெளியே தெரிவது மட்டும் அல்ல, உள்ளே பெரிதாகப் பரந்து கிடக்கிற உறுப்பு என்று எழுதினார். 2016ல் பிரான்சில் ஒதீல் ஃபியோ என்ற பெண் அதன் முழு வடிவத்தையும் முப்பரிமாண அச்சில் எடுக்கும்படி செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தார். முத்துமாலை வீனஸ் செய்து 230 வருசம் கழித்துத்தான் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு இது வந்திருக்கிறது.

சொல் இல்லாததும் ஒரு கதைதான். எம்.ஏ. வகுப்பில் நன்னூல் நடத்தும்போது இடக்கரடக்கல் படித்தோம். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்து வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு. கால் கழுவி வந்தேன் என்று உதாரணம் சொல்வார்கள். யாருடைய அவை, யாருக்குத் தகுதி என்று ஆசிரியர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆயா எல்லா உறுப்பையும் அதனதன் பெயரால் சொல்லுவாள். அந்தச் சொற்கள் இன்று தெருச்சண்டையில் வசவாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. புத்தகத்தில் சமஸ்கிருதம், ஆஸ்பத்திரியில் இங்கிலீசு, வாய்ச்சண்டையில் தமிழ். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருவது? ஆயாவின் சொல்லையே சொல்லித் தந்தேன். இரண்டு தாய்மார் வந்து சண்டை போட்டார்கள். "படிச்சவ பேசற பேச்சா இது?" அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லால் வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

பிளாஸ்டிக் இடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாங்களே ஒன்று தைக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறோம். இப்படி ஒன்று கடையிலும் கிடைக்கிறது. நார்வேயின் லேர்டால் நிறுவனம் செய்வது, பெயர் மாமா நாடலி. பயிற்சி கொடுக்கிற பெண் அந்தத் துணி வயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்காருவாள், உள்ளிருந்து பிள்ளையைத் தள்ளுவாள், ரத்தம் விடுவாள். கறுப்புத் தோலிலும் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது நிறம் அல்ல. வயிற்றுக்கு மேலே பேசுகிற வாய் ஒன்று இருக்கிறது. கேட்காமல் கை வைத்தால் அவள் கத்தலாம்.

எங்களுடையது பழைய நூல் சேலை, பாவாடை நாடா, இலவம்பஞ்சு. தோலுக்கு எந்த நிறத்துச் சேலை என்று இரண்டு நாள் சண்டை. கடைசியில் நாலைந்து நிறம் கிடைத்ததை ஒட்டுப் போட்டுத் தைத்தாயிற்று. எதிர்வீட்டு அத்தை அதை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யாரு" என்று கேட்ட அந்த எட்டாவதுப் பிள்ளை, "அத்த, கை வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டுக் கையை விட்டது. "தல தெரியுது" என்று கத்தியது. ஆயாவோடு கூடமாட நின்று பழகிய ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேலே, திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து அவளும் கையை விட்டுப் பார்த்தாள்.

"அது தல இல்லடி, குண்டி. பஞ்ச கெட்டியா அடச்சி வச்சிருக்கீங்க. பிரிச்சுத் தைங்க."

பிரித்துக்கொண்டிருக்கிறோம்.